தடை போட்டாயிற்று, கணக்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

மான் கறியுடன் சிக்கியவர்களுக்கு அபராதம் என்ற செய்தி மாவட்டப் பக்கங்களில் வழக்கமாகிவிட்டது. எத்தனை கிலோ, எத்தனை பேர், அபராதம் எவ்வளவு, பறிமுதலான பைக் எத்தனை என்பதெல்லாம் இருக்கும். செத்தது ஆணா பெண்ணா, வயது என்ன, வயிற்றில் குட்டி இருந்ததா, எந்த மாதம் எந்த ஓடைப்பக்கம் எப்படிக் கொல்லப்பட்டது என்பது மட்டும் இருக்காது. ஆண்மானைக் கலை என்றும் பெண்மானைப் பிணை என்றும் பிரித்துப் பேசிய மொழி நம்முடையது. செய்தியில் அது வெறும் 'ஒரு மான்'. செய்தியாளரைக் குறை சொல்லவில்லை. அவர் கைக்கு வரும் குறிப்பிலேயே அந்த விவரம் இருப்பதில்லை.

ஒரு காட்டில் மான் குறைகிறதா மீள்கிறதா என்பதை இந்த விடுபட்ட விவரங்கள்தான் சொல்லும். வேட்டைச் சட்டம் என்றாலே 'சுடலாமா, கூடாதா' என்று மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். சுடக்கூடாது என்பதை 1972இன் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்திலும் அதன் 1991 திருத்தத்திலும் எழுதிவிட்டோம். அதற்குப் பிறகு எழுதியிருக்க வேண்டிய விதிகளைப் பற்றியது இந்தக் கடிதம்.

முதலில் ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. 100 மான்கள் உள்ள கூட்டத்தில் வளர்ந்த பெண்மான்கள் 50. புள்ளிமானும் கடமானும் பெரும்பாலும் ஒற்றைக் குட்டிதான் ஈனும். ஆகவே 50 குட்டிகள். பாதி முதல் ஆண்டைத் தாண்டாது என்று வைத்தால் தேறுவது 25. செந்நாய், சிறுத்தை, நோய், வறட்சி என்று பெரிய மான்களில் 20 போனால் ஆண்டு முடிவில் கூட்டம் 105. இதில் சுருக்குக் கம்பியில் 10 ஆண்மான்கள் மாட்டிச் சாகின்றன என்று வையுங்கள். கூட்டம் 95 ஆகும்; ஆனால் ஓர் ஆண்மான் பல பெண்மான்களோடு சேரும் என்பதால் மறு ஆண்டுப் பிறப்பு அநேகமாகக் குறையாது. மாட்டியவை 10 பெண்மான்கள் என்றால் மறு ஆண்டு 10 குட்டிகள் பிறக்கவே பிறக்காது. செத்த தாயின் பாலை நம்பியிருந்த இந்த ஆண்டுக் குட்டியும் போய்விடும். அந்தக் குட்டிகள் வளர்ந்து ஈன்றிருக்க வேண்டிய குட்டிகளும் இல்லை. பதிவேட்டில் இரண்டும் '10 மான்' என்றுதான் ஏறும்.

இந்தக் கணக்கைச் சட்டமாக எழுதிப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்குள்ள வெள்ளைவால் மான்கள் ஐரோப்பியர் வருமுன் இரண்டு கோடிக்கு மேல் இருந்திருக்கும் என்பது மதிப்பீடு. 1900 வாக்கில் அவை 5 லட்சத்துக்கும் கீழே போயின. காட்டை அழித்ததும், தோலுக்கும் கறிக்கும் சந்தை இருந்ததும், சுட்டதை அன்றே நகரத்துக்கு அனுப்ப ரயில் வந்ததும் சேர்ந்து செய்த வேலை. இன்று அவை சுமார் 3 கோடி. கைவிட்ட பண்ணைகளில் மீண்டும் புதர் மண்டியதும், மான் மிஞ்சிய இடங்களிலிருந்து பிடித்துக் கொண்டுபோய் விட்டதும் இதில் பெரும் பங்கு. ஆனால் கொண்டுபோய் விட்ட மான் அங்கே உயிரோடு இருக்க வழி செய்தவை வேட்டை விதிகள்தான்.

முதல் அடி துப்பாக்கியின் மேல் விழவில்லை, தராசின் மேல் விழுந்தது. 1900 மே மாதம் கையெழுத்தான லேசி சட்டம், ஒரு மாநிலத்தின் விதியை மீறிக் கொன்ற விலங்கை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோவதை மத்தியக் குற்றமாக்கியது. சுடுபவனைக் காட்டுக்குள் தேடுவதைவிட, மூட்டை ஏறும் ரயில் நிலையத்தில் காத்திருப்பது சுலபம். மாநிலங்களும் காட்டு இறைச்சி விற்பனையைத் தடை செய்தன. விற்க முடியாத கறிக்காக ஒருவன் ஓரிரு மான் கொல்வான், இருநூறு கொல்ல மாட்டான்.

அடுத்தது பெண்மான் காப்பு. பென்சில்வேனியா 1906இல் மிச்சிகனிலிருந்து மான்களைத் தருவித்தது. 1907இல், கொம்புள்ள ஆண்மானை மட்டுமே சுடலாம் என்று சட்டம் போட்டது. இதோடு, குட்டி ஈன்று வளர்க்கும் மாதங்களில் வேட்டை மூடப்பட்டது. பெரும்பாலான மாநிலங்களில் வேட்டை இலையுதிர் காலத்தில்தான் திறக்கும். அதற்குள் வசந்தத்தின் கடைசியில் பிறந்த குட்டிகள் பால்குடி மறந்திருக்கும். இரவில் விளக்கடித்துச் சுடுவதும் குற்றமாயிற்று. வெளிச்சம் கண்ணில் பட்டால் மான் அப்படியே நின்றுவிடும். அந்த நேரத்தில் ஆணா பெண்ணா என்று பார்க்கவும் முடியாது.

மூன்றாவதுதான் நாம் உற்றுக் கவனிக்க வேண்டியது: அடையாளச் சீட்டு. உரிமத்தோடு எண்ணிட்ட சீட்டு ஒன்று தருவார்கள். மான் விழுந்ததும், உடலை நகர்த்துவதற்கு முன்பே, தேதியைக் குறித்து அதன் காதிலோ கொம்பிலோ கட்ட வேண்டும் என்பது பொதுவான விதி. சீட்டில்லாத மான் திருட்டு மான். அதன்பின் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகவோ, தொலைபேசியிலோ இணையத்திலோ பதியவோ வேண்டும். சோதனை நிலையத்தில் உயிரியலாளர் தாடையைத் திறந்து பல் தேய்மானத்தை வைத்து வயதைக் கணிப்பார். எடை, கொம்பின் அடிச்சுற்று, பெண்ணென்றால் மடியில் பால் உண்டா என்பதையும் குறிப்பார். இப்படித் திரண்ட எண்களைக் கொண்டு அடுத்த ஆண்டு எந்த வட்டாரத்தில் எத்தனை பெண்மான் சீட்டு என்பது முடிவாகும். கடும் பனியில் குட்டிகள் செத்த வட்டாரத்தில் சீட்டு பூஜ்யமாகவும் ஆகலாம். ஒவ்வோர் ஆண்டும் திருத்திக்கொள்ளும் விதி இது. அதன் பலமே அந்தத் திருத்தம்தான்.

பணம் எங்கிருந்து? 1937இல் வந்த பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதித்த உற்பத்தி வரியை மாநிலங்களின் காட்டுயிர்ப் பணிக்கு ஒதுக்கியது. செலவில் 75 சதவீதம் வரை மத்திய நிதி, மீதி மாநிலத்தின் பொறுப்பு. இதில் ஒரு கெட்டிக்கார நிபந்தனை உண்டு. வேட்டை உரிமக் கட்டணத்தைக் காட்டுயிர்த் துறையைத் தவிர வேறு எதற்கும் திருப்ப மாட்டோம் என்று மாநிலம் சட்டம் போட்டிருந்தால்தான் ஒரு காசு கிடைக்கும். உரிமப் பணத்தில் சாலை போட்டுவிட்டு மான் எங்கே என்று கேட்க முடியாது.

இதெல்லாம் பிசகாமல் நடந்துவிடவில்லை. பெண்மானைத் தொடாதே என்ற விதி ஒரு காலகட்டத்துக்கு உரிய மருந்து. மான் பெருகிய பிறகும் வேட்டைக்காரர்கள் அதை விட மறுத்தார்கள். பென்சில்வேனியாவில் 1920களிலேயே கொம்பில்லா மான்களையும் சுட அனுமதிக்க வேண்டி வந்தது. பல ஆண்டுகள் சண்டை. அதற்குள் மான் எட்டும் உயரம்வரை காட்டின் கீழ்த்தளம் மொட்டையாகிவிட்டது, மான்களும் சிறுத்துப் போயின. அரிசோனாவின் கைபாப் பீடபூமியில் 1906க்குப் பிறகு மான் வேட்டையை நிறுத்தியதோடு பூமா, ஓநாய், கொயோட்டி போன்ற கொன்றுண்ணிகளையும் கொன்று தள்ளினார்கள். மான் பெருகி, மேய்ச்சல் அழிந்து, 1924–25 குளிர்காலத்தில் ஏராளமாகப் பட்டினியில் செத்தன. லட்சம் மான் இருந்தது என்று அப்போது சொன்ன எண் மிகை என்று பிற்காலத்தில் வாதம் எழுந்தது உண்மை. பட்டினிச் சாவு நடந்ததில் ஐயமில்லை. இன்னொரு சிறு சிக்கல்: பல மாநிலங்களில் 3 அங்குலத்துக்குக் குறைந்த கொம்புள்ள மான் 'கொம்பில்லா மான்' கணக்கில் வரும். பெண்மானுக்கென்று கொடுத்த சீட்டில் ஆண்குட்டிகளும் விழும். அதைக் கழித்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு 'இங்கும் உரிமம் கொடுத்தால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது என்பதே என் கருத்து. காரணம் வெறும் இரக்கம் இல்லை. புள்ளிமான் ஆண்டு முழுக்கக் குட்டி போடும். உச்ச மாதங்கள் உண்டே தவிர, குட்டியே இல்லாத இடைவெளி கிடையாது. ஒரே கூட்டத்தில் கெட்டிக் கொம்போடு ஒன்று நிற்கும், பஞ்சுபோல் தோல் போர்த்திய கொம்போடு இன்னொன்று நிற்கும், கொம்பு உதிர்ந்து மூன்றாவது நிற்கும். 'இந்த மாதம் திற, கொம்பைப் பார்த்துச் சுடு' என்ற அமெரிக்க விதியின் இரண்டு கால்களும் இங்கே ஊன்றாது. வெள்ளைவால் பெண்மான் நல்ல மேய்ச்சலில் இரட்டைக் குட்டி ஈனும். நம் மான்களுக்குப் பெரும்பாலும் ஒன்றுதான். தவிர, கிழக்கு அமெரிக்காவில் ஓநாயையும் பூமாவையும் ஒழித்த இடத்தில் மனிதன் துப்பாக்கியோடு நிற்கிறான். முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் அந்த இடம் காலியாக இல்லை. ஒரு புலிக்கு ஆண்டுக்குச் சுமார் 50 இரை வேண்டும். அதை இழந்தும் குறையாதிருக்க 500 இரைவிலங்குகள் அந்தப் பரப்பில் இருக்க வேண்டும். உபரி என்று எடுத்துக்கொள்ள நமக்கு எதுவும் மிச்சமில்லை.

உரிம வேட்டை நமக்குப் புதிதும் இல்லை. 1877இல் உருவான நீலகிரி வேட்டைச் சங்கமும், 1879இல் சென்னை மாகாணம் இயற்றிய நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டமும் மூடிய பருவத்தை இந்த மலைக்குக் கொண்டுவந்தன. துரைமார்களின் பொழுதுபோக்குக்காக எழுதிய சட்டம்தான். பழங்குடியின் கண்ணி குற்றம், துரையின் துப்பாக்கிக்கு உரிமம். இருந்தும் பருவம், வரம்பு என்ற எண்ணம் அதில் இருந்தது. 1972 சட்டமும் தொடக்கத்தில் சில விலங்குகளுக்கு உரிமத்தை வைத்திருந்தது. 1991 திருத்தம் அதை எடுத்துவிட்டது. சரியான முடிவு. ஆனால் உரிமத்தோடு கணக்கெழுதும் பழக்கமும் சேர்ந்தே போனது. குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீரோடு கொட்டிய கதை என்று இதைச் சொல்ல மாட்டேன். தண்ணீரைக் கொட்டினோம், பாத்திரத்தையும் தூக்கிப் போட்டுவிட்டோம்.

ஒரு தோட்டாவையும் அனுமதிக்காமலே அந்தப் பாத்திரத்தை மீட்கலாம்.

நம் காடுகளில் சத்தமில்லாமல் மானைத் தின்பது சுருக்குக் கம்பி. பைக்கின் கிளட்ச் கம்பி, வேலிக் கம்பி எதுவும் போதும். காட்டுப்பன்றிக்கென்று வயலோரத்தில் வைத்ததில் கடமான் மாட்டும், சிறுத்தையும் மாட்டும். கம்பிக்கு ஆண் பெண் தெரியாது, பருவம் தெரியாது, வைத்தவன் மறந்துபோனாலும் அது வேலை செய்துகொண்டே இருக்கும். சட்டம் இதில் தெளிவு: காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(16) பிரிவில் 'வேட்டை' என்பதற்குள் கண்ணி வைப்பது, பொறி வைப்பது, அதற்கான முயற்சி எல்லாம் அடங்கும். செத்த மான் கிடைத்தால்தான் வழக்கு என்பதில்லை. கம்பி வைத்ததே வழக்கு. 'மான் எதுவும் இல்லையே' என்று எச்சரித்து அனுப்பும் வழக்கம் இங்கேதான் தவறுகிறது.

கம்பி தேடுவதற்கு முறை உண்டு. மான் தடம் உண்ணிப்புதருக்குள் (லந்தானா) நுழையும் இடம், நீர்க்குட்டைக்கு இறங்கும் சரிவு, வயல் வேலியின் இடைவெளி ஆகியவை முதலில். இருவருக்கிடையே 5 முதல் 10 மீட்டர் விட்டு வரிசையாக நடக்க வேண்டும். கண் கம்பியைத் தேடக்கூடாது, கம்பி தெரியாது. வெட்டிச் செருகிய முளை, பட்டை உரிந்த தண்டு, மானை ஒரு பக்கமாகத் திருப்ப அடுக்கிய முள் இவற்றைத் தேட வேண்டும். கழற்றிய கம்பியை அங்கேயே எறியாமல் வெளியே கொண்டுவர வேண்டும், முளையையும் பிடுங்க வேண்டும். இல்லாவிட்டால் மறுவாரம் அதே முளையில் புதுக் கம்பி. அதே இடத்துக்கு இரண்டு வாரத்துக்குள் திரும்பிப் போவது அவசியம். கோடையில் தண்ணீர் சுருங்கும்போதும், ஓரத்து வயல்களில் பயிர் முற்றும்போதும் ரோந்தைக் கூட்ட வேண்டும்.

இதில் பெரும்பாலும் தவறுவது எண்ணும் விதம். 'இந்த மாதம் 20 கம்பி எடுத்தோம், போன மாதமும் 20' என்றால் நிலைமை மாறவில்லை என்று எழுதிவிடுகிறோம். போன மாதம் 10 கிலோமீட்டர் நடந்து 20, இந்த மாதம் 40 கிலோமீட்டர் நடந்து 20 என்றால் கம்பி நான்கில் ஒன்றாகக் குறைந்திருக்கிறது. எடுத்த கம்பியை நடந்த தூரத்தால் வகுத்துச் சொல்லாத அறிக்கை எதையும் சொல்லவில்லை. புலிகள் காப்பகங்களில் ரோந்துத் தடத்தைப் பதிய எம்-ஸ்ட்ரைப்ஸ் செயலி ஏற்கெனவே இருக்கிறது. காப்பகத்துக்கு வெளியே உள்ள வனக்கோட்டங்களுக்கும் அதே ஒழுங்கைக் கட்டாயமாக்குவதுதான் பாக்கி.

உயிரோடிருக்கும் மானை எண்ணவும் இதே நேர்மை வேண்டும். பீட்டுக்கு (ஒரு வனக்காவலரின் பொறுப்பில் உள்ள பகுதிக்கு) ஒன்றாக 2 கிலோமீட்டர் நேர்கோடு. விடிந்ததும் நடந்து, கண்ட கூட்டத்தின் தூரத்தையும் கோணத்தையும் அளந்து குறிப்பது. பாதையிலேயே நடந்து எண்ணினால் பாதையோரப் புல்லுக்கு வந்த மான்களை மட்டும் எண்ணிக் காடு முழுக்கப் பெருக்கிவிடுவோம். கூடவே, 100 பெண்மானுக்கு எத்தனை குட்டி என்பதையும் எழுத வேண்டும். மொத்த எண்ணிக்கை சரியும் முன்பே சரிவது அந்த விகிதம்.

சந்தைக்கு வருவோம். லேசி சட்டத்தின் புத்தி இங்கே அப்படியே பொருந்தும்: வாங்குபவனைப் பிடி. விருந்தாளிக்கு 'ஸ்பெஷல்' என்று மான் கறி வைப்பவர் இருக்கும்வரை கம்பி வைப்பவர் இருப்பார். வழக்கு உடைவது பெரும்பாலும் கறியில்தான். 'இது ஆட்டுக்கறி' என்று வாதிட்டால் மரபணுச் சோதனைதான் பதில். ஹைதராபாத்தின் லாகோன்ஸ் போன்ற ஆய்வகங்கள் அதைச் செய்கின்றன. ஆனால் பிரேதப் பரிசோதனைப் பழக்கத்தில் மாதிரியை ஃபார்மலினில் போட்டுவிட்டால் மரபணு சிதைந்துவிடும். சுத்தமான எத்தனாலில் சிறு துண்டுகளாகப் போட வேண்டும், அல்லது உறைநிலையில் வைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் தனிக் குப்பி, தனிக் கத்தி, சாட்சி முன் முத்திரை, கைமாறிய ஒவ்வொருவர் கையெழுத்து. இரண்டு மானின் கறியை ஒரே கவரில் போட்டால் வழக்கு ஒரு மானுக்குச் சுருங்கும்.

நிதியில், புலிகள் காப்பகங்களுக்குச் சட்டப்படி அறக்கட்டளை இருக்கிறது. சுற்றுலா வருவாய் அங்கேயே திரும்ப வழி உண்டு. மற்ற காடுகளில் அந்த ஏற்பாடு இல்லை. மான் வழக்கில் வசூலாகும் தொகை அரசுக் கருவூலத்தில் கலந்துவிடுகிறது. அந்தத் தொகையை அதே கோட்டத்தின் வேட்டைத் தடுப்புக் காவலர் ஊதியத்துக்கும், உண்ணிச்செடியை அகற்றிப் புல்வெளியை மீட்பதற்கும் என்று கட்டி வைத்தால் போதும். வெட்டினால் உண்ணி தழைக்கும். வேர்க்கழுத்துக்குக் கீழே அறுத்துக் கவிழ்த்துப் போட வேண்டும், பிறகு முளைக்கும் நாற்றுகளைச் சில ஆண்டுகள் தொடர்ந்து பிடுங்க வேண்டும்.

வேட்டையை அடக்கினாலே மான் மீண்டுவிடும் என்றும் நான் சொல்லவில்லை. மத்தியப் பிரதேசத்தின் கன்ஹாவில் பாரசிங்கா மான்கள் 1970இல் 66 ஆகக் குறைந்தன. கிராமங்கள் இடம்பெயர்ந்து புல்வெளி திரும்பியதும், கொன்றுண்ணி நுழையாத வேலிக்குள் இனப்பெருக்கம் செய்ததும் சேர்ந்துதான் இன்று ஆயிரத்தை ஒட்டி நிற்கின்றன. மணிப்பூரின் சங்காய் மான் 1975 கணக்கெடுப்பில் 14, 2016இல் 260. அங்கே வேட்டை அடங்கிய பிறகும் இதாய் தடுப்பணையால் லோக்டாக் ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுக்க உயர்ந்தே நிற்கிறது. கோடையில் தரை தட்டிச் சத்தை உறிஞ்ச வேண்டிய மிதக்கும் புல்திட்டுகள் மெலிந்து, மானின் எடையைத் தாங்காமல் போகின்றன. ஃபுளோரிடாவின் குட்டை உருவக் கீ மானுக்கு 1939இல் வேட்டைத் தடை வந்தது, 1957இல் சரணாலயம் அமைந்தது. சில பத்துகளிலிருந்து பல நூறாக மீண்டது. இப்போது அதை அதிகம் கொல்வது கார்.

எது கொல்கிறது என்று தெரிந்தால்தான் எந்த விதி வேண்டும் என்று தெரியும். ஆகவே வனத்துறைக்கு ஒரே ஒரு கோரிக்கை: செத்துக் கிடக்கும் ஒவ்வொரு மானுக்கும் ஒரு பக்கப் படிவம். எண்ணிட்ட சீட்டு, தேதி, புவியிடக் குறி, இனம், ஆண் பெண், பல்வரிசையின் புகைப்படம், மடியில் பால், கருப்பையில் குட்டி, கழுத்திலோ காலிலோ கம்பித் தழும்பு, நாய்க்கடி, வயிற்றில் பிளாஸ்டிக். கடைசியாகத் தொடையெலும்பை உடைத்துப் பார்த்த குறிப்பு: மஜ்ஜை வெள்ளையாக மெழுகுபோல் கெட்டியாக இருந்தால் மான் தெம்பாக இருந்தபோது செத்திருக்கிறது, சிவந்து கூழாக ஒழுகினால் பட்டினி அதை முன்பே பாதி கொன்றுவிட்டது. கால்நடை மருத்துவர் எப்படியும் உடலைத் திறக்கிறார். கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். கோட்டவாரியாக இந்தப் படிவங்களின் தொகுப்பை ஆண்டுக்கு ஒருமுறை பொதுவெளியில் வைத்தால் உங்கள் செய்தியாளரும் 'ஒரு மான்' என்று எழுத வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வனவர்,
சத்தியமங்கலம்